பத்துக் குப்பி மருந்தும் நாற்பது நிமிடமும்: வட ஆர்க்காட்டில் ஒரு பாம்புக்கடி

கார்த்திகை மாதம், மாலை ஆறரை மணி. மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடித்து, கொடியைப் போராக அடுக்கிக்கொண்டிருந்த என் பெரியப்பாவை வலது கணுக்காலுக்கு மேலே பாம்பு கடித்தது. குக்கர் விசிலைப் போலச் சீறியது என்றார். உடம்பில் சங்கிலி கோத்தது போல வட்ட வட்டமான புள்ளிகள் இருந்தன என்றும் சொன்னார். கண்ணாடி விரியன். எங்கள் பக்கத்துக் கொல்லையிலும் கழனியிலும் அதைப் பார்க்காதவர் குறைவு.

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரின் பெயரையும் அன்று நாங்கள் போன இடங்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. அங்கே வேலை செய்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்துகிறேன். மருத்துவத்தைச் சந்தையிடம் விடலாமா, வரிப்பணத்தில் அரசே நடத்த வேண்டுமா என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் மாணவர்களை இரு அணியாகப் பிரித்து வாதிடச் சொல்வேன். அன்றிரவும் அதற்குப் பிந்தைய 23 நாட்களும் அந்த வாதம் என் பெரியப்பாவின் உடம்பில் நடந்தது. நடந்ததை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் மூன்று மணி நேரம்

பக்கத்துக் கொல்லைக்காரர்கள் துண்டை முறுக்கி முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டினார்கள். அது தவறு. விரியன் கடித்த காலை இறுகக் கட்டினால் விஷம் அங்கேயே தேங்கித் தசையை அழுகவைக்கும். காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு புறப்படுவதுதான் சரி. கட்டியவர்கள் அன்பினால்தான் கட்டினார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

பெரியப்பாவின் மகன், என் தம்பி, அவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனான். ஆரம்ப சுகாதார நிலையம் கிழக்கே இரண்டு கிலோமீட்டர். தனியார் நர்சிங் ஹோம் மேற்கே நான்கு கிலோமீட்டர். தம்பி மேற்கே திரும்பினான். பிறகு ஏன் என்று கேட்டேன். “அண்ணா, இருட்டின பிறகு அரசு ஆஸ்பத்திரியில் யார் இருப்பார்கள்? அங்கே வெளிச்சமாக இருந்தது, போனேன்” என்றான். அந்த ஆரம்ப சுகாதார நிலையம் 24 மணி நேரமும் இயங்குவது. ஊரில் பலருக்கு அது தெரியாது. பிரசவத்துக்குப் போன பெண்களுக்குத் தெரிந்திருந்தது, ஆண்களுக்குத் தெரியவில்லை.

நர்சிங் ஹோம் கவுன்டரில் 20,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். தம்பி கைபேசியில் நான்கு பேரை அழைத்து 11,000 ரூபாய் புரட்டினான். அதற்குள் உரிமையாளரான டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். “டாக்டர், மீதியைக் காலையில் கட்டிவிடுகிறேன், முதலில் ஊசி போடுங்கள்” என்று தம்பி கைகூப்பினான். அவர் சொன்ன பதில் இது: “பணம் கிடக்கட்டும் தம்பி. என்னிடம் அந்த மருந்தே இல்லை. ஒரு நிமிடம்கூட நிற்காதே, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.”

அட்வான்ஸ் கேட்ட கவுன்டருக்கும், மருந்து இல்லை என்று தெரிந்த டாக்டருக்கும் இடையே நாற்பது நிமிடம் போய்விட்டது.

வந்த வழியே திரும்பி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். பணியில் ஒரு செவிலியர் இருந்தார். டாக்டர் அம்மா குடியிருப்பிலிருந்து ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார். செய்த முதல் சோதனைக்கு எந்தப் பெரிய கருவியும் தேவைப்படவில்லை. உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் இருபது நிமிடம் நிறுத்திவைத்துப் பிறகு சாய்த்துப் பார்ப்பது. உறைந்திருந்தால் அசையாது. பெரியப்பாவின் ரத்தம் தண்ணீரைப் போல வழிந்தது. பல் ஈறிலிருந்தும் கசிய ஆரம்பித்திருந்தது. உடனே பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தை சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றினார்கள். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசி தயாராகப் பக்கத்தில் இருந்தது. பிறகு 108 வண்டியில் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

உயிர் தங்கியது. சிறுநீரகம் தங்கவில்லை. மறுநாள் சிறுநீர் நின்றது. மூன்றாம் நாள் கிரியாட்டினின் 6.8. சிறுநீரகம் அகற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் அளவு அது; கூடக்கூடக் கெடுதல். ஒன்பது முறை டயாலிசிஸ் செய்த பிறகு சிறுநீரகங்கள் மெல்ல விழித்துக்கொண்டன. கண்ணாடி விரியன் கடியில் மருந்து ஏறும் நேரம் தள்ளத்தள்ள சிறுநீரகம் கெடும் வாய்ப்பு கூடுகிறது. அந்த நாற்பது நிமிடம் மிச்சமாகியிருந்தால் டயாலிசிஸே வேண்டியிருக்காது என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் பெரியம்மா இன்னும் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் சொல்லி அழுகிறார்.

மருந்து ஏன் அங்கே இல்லை?

பெரியப்பா வீடு திரும்பிய பிறகு அந்த நர்சிங் ஹோம் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. அவர் உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். அவர் சொன்னது இவ்வளவு. வருடத்துக்கு நான்கைந்து பாம்புக்கடிதான் அவரிடம் வரும். ஒருவர் வந்தாலும் பத்து முதல் இருபது குப்பி வேண்டும். யாரும் வராவிட்டால் மருந்து காலாவதியாகும், முதல் முடங்கும். ஊசி ஏறும்போது ஒவ்வாமையால் மூச்சு நின்றால் வென்டிலேட்டர் வேண்டும், அவரிடம் இல்லை. நோயாளி இறந்துவிட்டால் ஊர் திரண்டுவந்து கண்ணாடியை உடைக்கும். “இதில் நான் எங்கே லாபம் பார்ப்பது சார்? லாபத்தை விடுங்கள், நஷ்டமில்லாமல் எப்படிச் செய்வது?”

அவர் கணக்கில் பிழையே இல்லை. அவரை நல்லவராகவோ கெட்டவராகவோ மாற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது. இந்த நிகழ்விலிருந்து நான் கற்றதெல்லாம் அந்த மேசையருகே கிடைத்ததுதான். சந்தை சிகிச்சையை விற்கும். சிகிச்சைக்கான காத்திருப்பை விற்காது. பாம்புக்கடிக்கு வேண்டிய முதல் பொருள் காத்திருப்பு. யாரும் வராத முந்நூறு இரவுகளிலும் குளிர்பெட்டியில் இருக்கும் குப்பி, தூங்காத ஒரு செவிலியர், டீசல் நிரப்பிய ஒரு வண்டி. அந்த முந்நூறு இரவுகளுக்கு யாரிடம் பில் போடுவது? கடிபட்டவரிடம் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் அவர் நிலத்தை விற்க வேண்டும். யாரிடமும் போடாவிட்டால் குப்பி அங்கே இருக்காது. ஊரிலுள்ள எல்லோரிடமும், கடிபடாதவர்களிடமும், சிறிது சிறிதாக வாங்கினால் மட்டுமே அந்தக் குப்பி அங்கே இருக்கும். அப்படி வாங்குவதற்குப் பெயர் வரி.

பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையில் மருத்துவம் மற்றப் பண்டங்களைப் போல ஏன் நடந்துகொள்வதில்லை என்பதை விளக்கினார். நோய் எப்போது வரும் என்று வாங்குபவருக்குத் தெரியாது. வந்தபின் எது வேண்டும் என்பதை விற்பவரே சொல்ல வேண்டியிருக்கிறது. ரத்தம் உறையாமல் பைக்கில் நடுவில் உட்கார்ந்திருக்கும் மனிதர் இரண்டு கடையில் விலை கேட்டுப் பார்ப்பதில்லை. வெளிச்சம் தெரியும் பக்கம் திரும்புகிறார்.

குப்பி வந்த வழி

அந்தப் பத்துக் குப்பியும் எப்படி எங்கள் ஊர்ப் பக்கம் வந்தன என்று தேடிப் படித்தேன். அது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடைபட்டு வாழ்வு இழந்த மக்கள், பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் அங்கிருந்து மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு மிகப் பெரும் மூலம் அதுதான். விஷத்தைச் சிறுகச்சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துப் பத்து மில்லிக் குப்பியாக்குகிறார்கள். ஒரு குப்பி 6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் பிடித்த ஏதோ ஒரு பாம்பின் விஷம் என் பெரியப்பாவைக் காப்பாற்றியிருக்கலாம்.

நிறுவனத்திடமிருந்து மருந்தை வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் தொடங்கிய அந்தக் கழகம் மாநிலம் முழுவதற்குமான தேவையை ஒன்றாகத் திரட்டி, டெண்டர் விட்டு, தரத்தைச் சோதித்து, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்கைப் போல ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்ட அட்டையை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கவனித்துப் பார்த்தால் இந்தச் சங்கிலியில் தனியார் நிறுவனம் இருக்கிறது, போட்டி இருக்கிறது, டெண்டர் இருக்கிறது. சந்தையை வெறுப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. போட்டியினால் விலை குறைவதும் உண்மை. ஆனால் ஒரு மாநிலமே வாங்குபவராக நிற்பதால்தான் அந்தப் போட்டி நடக்கிறது. பெரியப்பா தனியாக வாங்க வந்திருந்தால் யாரும் போட்டியிட்டிருக்க மாட்டார்கள்.

வாங்குபவர் ஏழையாக இருந்து அவருக்குப் பின்னால் யாரும் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்கா சாட்சி. அங்குள்ள பத்துக் கொடும் பாம்புகளுக்கு எதிரான ஃபேவ்-ஆஃப்ரிக் என்ற மருந்தைத் தயாரித்த சனோஃபி நிறுவனம், லாபமில்லை என்பதால் 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது. கடைசித் தொகுப்பு 2016 ஜூனில் காலாவதியானது. மருந்தைச் செய்யத் தெரியும், செய்யும் ஆலை உண்டு, தேவை உண்டு. வாங்கும் சக்தி மட்டும் இல்லை. பாடப்புத்தகத்தில் தேவை என்ற சொல்லுக்கு வாங்கும் சக்தியோடு கூடிய விருப்பம் என்றுதான் இலக்கணம் எழுதியிருக்கிறது. அதை இத்தனை ஆண்டு மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன்.

வாங்கும் சக்தி உள்ள நாட்டில் வேறு கதை. அமெரிக்காவின் இலினாய் மாநிலக் காட்டில் முகாமுக்குப் போன 9 வயதுச் சிறுமி பாம்பு கடித்துச் சிகிச்சை பெற்றாள். நான்கு குப்பி மருந்துக்கு மட்டும் 67,957 டாலர், மொத்த பில் 1,42,938 டாலர். அந்தச் செய்தி 2019-இல் வெளிவந்தது. அவள் குடும்பத்தைக் காப்பீடு காப்பாற்றியது. மருந்து உடனே கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சந்தை சரியாக வேலை செய்யும் இடங்கள்

என் மாணவர்களில் சந்தை அணியில் பேசுபவர்கள் எப்போதும் வேலூரையே காட்டுவார்கள். காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள், வங்காளத்திலும் ஜார்க்கண்டிலும் வடகிழக்கிலும் இருந்து அரசு ஆஸ்பத்திரிகளைத் தாண்டி இங்கே வருகிறார்களே என்பார்கள். வங்க மொழிப் பலகைகளும், மீன் குழம்புச் சோறு போடும் மெஸ்களும், நாள்வாடகை லாட்ஜுகளும் அந்தத் தெருவில் நிறைந்திருப்பது உண்மை. ஆனால் அவர்கள் தேடிவரும் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை லாபத்துக்காகப் பிறந்த நிறுவனம் இல்லை. அமெரிக்க மிஷனரி மருத்துவரான ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் சிறிய மருந்தகமாகத் தொடங்கி, 1902-இல் மருத்துவமனை கட்டி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாததால் பிரசவத்தில் இறந்ததுதான் அவரை மருத்துவம் படிக்கவைத்தது. நன்கொடையாலும், பணம் கட்டக்கூடியவரிடம் வாங்கி இல்லாதவருக்குச் செலவிடுவதாலும் வளர்ந்த இடம் அது. சந்தைக்கும் அரசுக்கும் நடுவே இப்படியும் ஒன்று இருக்க முடியும். ஆனால் அதை ஒன்றியத்துக்கு ஒன்றாகக் கட்டிவைக்க ஒன்றியத்துக்கு ஓர் ஐடா ஸ்கடர் வேண்டும்.

கண்புரை அறுவை, பல், மூக்குக்கண்ணாடி போன்றவற்றில் சந்தையை நான் எதிர்க்கவில்லை. நாள் குறித்து, நாலு பேரிடம் விசாரித்து, விலை கேட்டுப் போகலாம். மூட்டு மாற்று அறுவையிலும் ஓரளவு அப்படியே.

இலவசத்துக்கு நாங்கள் கொடுத்த விலை

இப்போது மறுபக்கம். பெரிய அரசு மருத்துவமனையில் எங்களிடம் பில் என்று ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஒன்பது டயாலிசிஸும் இலவசம். மருந்து இலவசம். அங்கிருந்த இளம் மருத்துவர்கள் தூங்காமல் வேலை செய்ததைப் பார்த்தேன், அவர்களுக்கு என் நன்றி உண்டு.

ஆனால் முதல் இரண்டு நாள் பெரியப்பா தரையில் பாயில் கிடந்தார். ரத்தப் பரிசோதனைக் கருவி பழுதானபோது வெளியே எழுதிக்கொடுத்தார்கள், 1,400 ரூபாய். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் ஒவ்வொரு முறையும் 100 ரூபாய்க்குக் கைநீட்டினார். ஒரு நாள் பெரியம்மாவிடம் சில்லறை இல்லாததால் டயாலிசிஸ் பிரிவு வாசலில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார். வலியோடு கிடக்கும் மனிதரை வைத்துப் பேரம் பேசுவதைப் பொதுச்சேவை என்று என்னால் சொல்ல முடியாது. அரசு மருத்துவத்தை ஆதரிப்பவர்கள்தான் இதற்கு முதலில் குரல் கொடுக்க வேண்டும். நாம் மறைத்தால், இருட்டின பிறகு அங்கே யார் இருப்பார்கள் என்று நினைத்து அடுத்த பிள்ளையும் மேற்கே திரும்புவான்.

துணைக்கு இருந்த இருவரின் சாப்பாடும் பஸ்ஸும், தம்பி இழந்த கூலியும், மழையில் முளைவிட்ட மல்லாட்டையும், 28,000 ரூபாய்க்கு விற்ற கறவை மாடும் சேர்த்து, பெரியம்மா பழைய நோட்டில் எழுதிவைத்த கணக்கு 61,000 ரூபாய். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்ததாக தேசிய சுகாதாரக் கணக்குகள் சொல்கின்றன. அது நல்ல செய்தி. விற்ற மாடும் முளைவிட்ட மல்லாட்டையும் மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

அட்டை இருந்தும்

பெரியப்பாவிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. 2012-இல் தொடங்கிய அந்தத் திட்டம், மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தபின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அரசு பணம் கொடுக்கும், தனியாரும் சிகிச்சை செய்யலாம் என்ற இந்த ஏற்பாட்டைச் சமரச வழி என்று பலர் சொல்கிறார்கள். சிறுநீரகக் கல்லுக்கும் இதய அடைப்புக்கும் அது பெரிய உதவி. ஆனால் அன்று மாலை ஏழு மணிக்கு அந்த அட்டை பெட்டியில் இருந்தது, மருந்து எங்கேயோ இருந்தது. காப்பீடு நடந்த சிகிச்சைக்குப் பணம் தரும். நடக்காத இரவுகளின் காத்திருப்புக்குத் தராது. சட்டமும் அப்படித்தான். அவசரமாக வரும் எவருக்கும் உயிர்காக்கும் சிகிச்சை தருவது அரசு, தனியார் மருத்துவர் அனைவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பால் கவுன்டரில் அட்வான்ஸ் கேட்பதைத் தடுக்கலாம், குளிர்பெட்டியில் குப்பி வைக்க முடியாது.

ஆங்கிலேய ஆட்சி அமைத்த, ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு 1946-இல் கொடுத்த அறிக்கை, பணமில்லை என்பதால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்றது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணமே அதிலிருந்து வந்தது. என் பெரியப்பாவுக்கு ஊசி போட்ட கட்டிடத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் கட்டிடமும் குப்பியும் இருந்தாலும் சாலை வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தின் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றது. இறந்த பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தித் தாய் மலைமேல் நடந்தார். அந்தப் படத்தைச் செய்தித்தாளில் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து அந்த மலை தெரியும். அங்கே சந்தையும் போகவில்லை, அரசும் அதுவரை போகவில்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனைகளும் இனி ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கே எத்தனை குப்பி வேண்டும் என்பதை இனிமேலாவது கணக்கிட முடியும்.

அதிலிருந்து ஒரு படி மேலே போகலாம் என்று கிராம சபையில் மனு கொடுத்திருக்கிறேன். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தனியார் மருத்துவமனையில்கூட அரசே ஏற்கும் திட்டம் 2021 முதல் இருக்கிறது. அதே கையைப் பாம்புக்கடிக்கும் நீட்டலாம். மலையடிவாரத்து நர்சிங் ஹோம்களுக்குப் பத்துப் பத்துக் குப்பியை அரசே கொடுத்துவைக்கட்டும்; பயன்படுத்தினால் ஈடு தரட்டும், காலாவதி நெருங்கினால் திரும்பப் பெற்றுக் கடி அதிகம் வரும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பட்டும். அந்த டாக்டரிடம் இதைச் சொன்னபோது, செவிலியருக்குப் பயிற்சியும் ஒரு வென்டிலேட்டரும் இருந்தால் மறுநாளே ஒப்புக்கொள்வேன் என்றார். மனுவில் இரண்டாவதாக, ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் 24 மணி நேரமும் திறந்திருக்கும், பாம்புக்கடி மருந்து உண்டு என்று இரவில் ஒளிரும் பலகை கேட்டிருக்கிறேன். பலகைக்கு ஒன்றியத்தில் சரி என்றார்கள். குப்பி பற்றிய பதில் இன்னும் வரவில்லை.

பெரியப்பாவின் கிரியாட்டினின் இப்போது 1.5. மாதம் ஒருமுறை காலை ஆறு மணி பஸ்ஸில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறார். இந்தத் தடவை நான் கூடப் போகிறேன்.